சிறு நிலமும் சொந்தத் தறியும்: ஸ்காட்லாந்து மலைநாட்டார் கற்பிக்கும் பாடம்

சிறு நிலத்தை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது, தறியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்ற பேச்சு நம் கிராமங்களில் மிகுதியாகக் கேட்கிறது. இப்பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதெல்லாம் நிலத்தை விற்றுவிடு, தறியைப் பிரித்துப் போடு, நகரத்துக்குப் போ என்பதுதான். அம்மருந்தை உட்கொள்வதற்கு முன்னால், நம்முடையதைவிட மோசமான மண்ணில், நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாத குளிரிலும் காற்றிலும், சிறு நிலத்தையும் கைத்தறியையும் விடாமல் காத்து வரும் ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்காட்லாந்து தேசத்தின் வட மலைநாட்டிலும் அதன் மேற்கே கடலில் கிடக்கும் தீவுகளிலும் வாழும் சிறு குடியானவர்களுக்குக் கிராஃப்டர்கள் என்று பெயர். அவர்கள் வைத்திருக்கும் துண்டு நிலம் ‘கிராஃப்ட்’ எனப்படும். இத்தகைய நிலங்கள் இன்றும் 20,000-க்கு மேல் உள்ளன. ஒரு குடும்பத்தின் பங்கு சராசரியாக 5 ஹெக்டேர் அளவே இருக்கும்; அதிலும் பாதி பாறையாகவோ சதுப்பாகவோ இருப்பது வழக்கம். இதனுடன் ஊராரோடு சேர்ந்து அனுபவிக்கும் மலை மேய்ச்சலில் ஒரு பங்கு உண்டு. சில மாடுகள், செம்மறிகள், சிறிது ஓட்ஸ், உருளைக்கிழங்கு, மீன்பிடித்தல், வீட்டில் ஒரு தறி அல்லது வெளியில் ஒரு வேலை ஆகியவற்றையெல்லாம் கூட்டித்தான் அவர்கள் ஜீவிக்கிறார்கள்.

இந்த வாழ்க்கை முறை அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுக் காலம், ஜமீன்தார்கள் ஆட்டுப் பண்ணைகள் அமைப்பதற்காகக் குடிகளைப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டிக் கடலோரத்துக்குத் தள்ளினர். கடலோரத்தில் வேண்டுமென்றே மிகச் சிறிய நிலங்களே கொடுக்கப்பட்டன. கடற்பாசியை எரித்து, சோப்பும் கண்ணாடியும் செய்யப் பயன்படும் காரச் சாம்பல் எடுக்கும் தொழில் அப்போது நல்ல லாபம் தந்தது. நிலம் போதாமல் இருந்தால்தான் அவ்வேலைக்கு ஆள் கிடைப்பார்கள் அல்லவா? 1815-இல் நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்து அயல்நாட்டுச் சரக்கு மலிவாக வந்ததும் பாசிச் சாம்பலின் விலை வீழ்ந்தது. தொழில் போயிற்று; சிறு நிலம் மட்டும் மிஞ்சிற்று. அந்நிலத்தில் குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றே என்று அதையே எங்கும் நட்டார்கள். 1846-இல் அப்பயிரை நோய் தாக்கியபோது மலைநாடு முழுவதும் பஞ்சம் சூழ்ந்தது. பல்லாயிரவர் கடல் கடந்து போயினர்.

ஒரே தொழிலை நம்பியதால் ஒரு முறையும், ஒரே பயிரை நம்பியதால் மறுமுறையும் அவர்கள் கெட்டார்கள். நம் பக்கத்தில் ஆண்டுதோறும் ஒரே பயிரையே போட்டு அதன் விலை சரிந்தபின் திகைக்கும் விவசாயிகளும், ஒரே ரகச் சேலையை ஒரே வியாபாரிக்கு நெய்து கொடுத்து, அவன் கை விரித்தவுடன் தறியை நிறுத்தும் நெசவாளர்களும் இச்சரித்திரத்தைத் தங்கள் கதையாகவே வாசிக்கலாம்.

குடிகள் விழித்துக்கொண்டது மேய்ச்சல் நிலத்தின் பொருட்டே என்பது கவனிக்கத்தக்கது. ஸ்கை தீவிலுள்ள பிரேஸ் என்னும் பகுதியினர், தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட பென் லீ மலையின் மேய்ச்சலைத் திருப்பித் தரும்வரை வாரம் செலுத்த மாட்டோம் என்றனர். அவர்களை அடக்க 1882-இல் கிளாஸ்கோ நகரிலிருந்து போலீசார் வந்தபோது ஆண்களும் பெண்களும் எதிர்த்து நின்றார்கள். மறு ஆண்டே அரசாங்கம் நேப்பியர் பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தது. 1886-இல் கிராஃப்டர்கள் சட்டம் பிறந்தது. நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாத உரிமை, நியாயமான வாரம், நிலத்தில் செய்த அபிவிருத்திக்கு ஈடு, குடும்பத்தாருக்கு உரிமையை விட்டுச் செல்லும் அதிகாரம் ஆகியவற்றை அச்சட்டம் அளித்தது. நிலத்தைத் திருத்தினால் வாரம் உயரும் என்ற பயம் நீங்கிய பின்னரே குடியானவன் வரப்பைக் கட்டவும் வடிகால் வெட்டவும் வீட்டைக் கல்லால் எடுக்கவும் துணிந்தான்.

உரிமையோடு கடமையும் சேர்ந்தே வந்தது. இன்று நடப்பிலுள்ள சட்டப்படி கிராஃப்டர் தம் நிலத்திலோ அதிலிருந்து 32 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்க வேண்டும், நிலத்தைப் பயன்படுத்திப் பேண வேண்டும், பாழடிக்கக் கூடாது. அரசாங்க உதவியைப் பெறுகிறவன் தொழிலைச் செய்பவனாக இருக்க வேண்டும் என்ற இவ்விதி நமக்குக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் மிகவும் தேவையானது.

இனி, அவர்களுடைய நடைமுறைகளில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, பொது மேய்ச்சலின் கணக்கு. ஊர் மலையில் யார் எத்தனை மாடு, எத்தனை ஆடு விடலாம் என்பதற்குப் பங்கு வரையறை உண்டு. ஒரு மாட்டுக்கு இத்தனை ஆடு ஈடு என்று அவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். பங்குதாரர்கள் கூடி ஒரு மேய்ச்சல் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத்து மூலமான விதிகளின்படி அக்குழு வேலியைப் பழுது பார்க்கிறது, செலவைப் பங்கிடுகிறது, வரம்பு மீறுகிறவரைத் தட்டிக் கேட்கிறது. பொதுச் சொத்து என்றால் எல்லாரும் சுரண்டுவார்கள் என்று சொல்பவர்களுக்கு இதுவே விடை. சுரண்டப்படுவது கணக்கும் காவலும் இல்லாத பொதுச் சொத்துத்தான். நம் மேய்ச்சல் புறம்போக்குகளும் ஏரிக் கரைகளும் தேய்ந்து போனதற்குக் காரணம் அவை பொதுவாக இருந்தது அன்று. யார் பொறுப்பு என்பது எழுதப்படாமல் இருந்ததே.

இரண்டாவது, மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தல். மேற்குத் தீவுகளில் கிளிஞ்சல் தூள் கலந்த கடற்கரை மணற்பரப்பு ஒன்று உண்டு. ‘மாக்கர்’ என்று அதைச் சொல்கிறார்கள். சத்தில்லாத இந்த மணலில், குளிர்காலப் புயல் கரையில் ஒதுக்கும் கடற்பாசியை வாரிக்கொண்டுவந்து பரப்பி எருவாக்குகிறார்கள். ஒரு துண்டில் ஓரிரண்டு ஆண்டுகள் சிற்றோட்ஸும் ரை தானியமும் விதைத்துவிட்டுப் பிறகு அத்துண்டைத் தரிசாக விட்டுவிடுகிறார்கள். பாசி மணலைப் பிணைத்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தரிசில் பூக்கள் மண்டுகின்றன. காசு கொடுத்து வாங்காத எரு அது. நமக்கு ஏரி வண்டல் இருக்கிறது, கிடை போட ஆடு இருக்கிறது, ஆவாரையும் கொழிஞ்சியும் வேலியோரத்தில் இலவசமாக வளர்கின்றன. கையெட்டும் தூரத்தில் உள்ள எருவை விட்டுவிட்டுக் கடன் வாங்கி மூட்டை எருவை மட்டுமே நம்புவது சிக்கனமும் அன்று, நிலத்துக்கு நன்மையும் அன்று.

மூன்றாவது, தீவனத்துக்கு ஏற்ற கால்நடை. நெடிய குளிர்காலத்தில் புல் முளைக்காது. சேர்த்துவைத்த தீவனம் எத்தனை உயிரைத் தாங்குமோ அத்தனையையே வைத்துக்கொண்டு, இளங்கன்றுகளை இலையுதிர் காலச் சந்தையில், கொழுக்க வளர்க்கும் சமவெளி விவசாயிகளுக்கு விற்றுவிடுகிறார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லாவிட்டாலும் கோடை இருக்கிறது. சித்திரையில் வைக்கோலுக்கு அலைந்து பாதி விலைக்கு மாட்டைத் தள்ளுவதைவிட, தை மாதத்திலேயே தீவனத்தை அளந்து பார்த்து முடிவு செய்வது லாபம். மேலும், தனி ஒருவரால் வாங்க இயலாத நல்ல பொலிகாளையை ஊர்க் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து அரசாங்கத்தினிடம் வாடகைக்குப் பெற்று முறைவைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடும் அங்கே உண்டு. கூட்டுறவின் பயன் இதைவிடத் தெளிவாக விளங்காது.

நான்காவதாக நெசவாளர்களுக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யப்படும் ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணி உலகப் புகழ் பெற்றது. அதன் புகழ் வளர்ந்ததும் போலிகள் முளைத்தன. 1909-இல் ஒரு சங்கம் அமைத்து, உருண்டையின் மேல் சிலுவை பொறித்த முத்திரையைப் பதிவு செய்து, 1911 முதல் துணியில் குத்தத் தொடங்கினர். 1934-இல், தீவுகளின் ஆலைகளில் நூற்ற நூலையும் பயன்படுத்தலாம் என விதியைத் தளர்த்தினார்கள். நெசவு மட்டும் வீட்டுக்கு வெளியே போகவில்லை. தீவுக்கு வெளியே நூற்ற நூலில் நெய்து அதே பெயரில் விற்கலாமா என்ற வழக்கு எழுந்தபோது, கூடாது என்று 1964-இல் தீர்ப்பாயிற்று. 1993-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமிட்டு நூற்ற கலப்பில்லாத கம்பளி நூலைக்கொண்டு, தீவு மக்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்து, தீவுகளிலேயே முடித்த துணிக்கே அப்பெயர் உண்டு. ஒவ்வொரு துணியையும் சோதித்தபின்னரே முத்திரை விழுகிறது. ஆலை பாவு சுற்றி நூலோடு வீட்டுக்கு அனுப்புகிறது. நெசவாளர் மிதித்தறியில் நெய்து கொடுக்கிறார். இடையே மாட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொள்கிறார்.

அவர்கள் எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்பதுதான் இங்கே பாடம். நூற்பு ஆலைக்குப் போயிற்று, தறிகள் புதியனவாயின, அகலம் கூடியது. வீட்டு நெசவு என்ற உயிர்நாடியை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. நம் நாட்டிலும் சேலை, வேட்டி முதலிய சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985 முதல் உள்ளது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் முத்திரைக்கு மதிப்பைத் தருவது சட்டப் புத்தகம் அன்று, அங்கத்தினரின் நாணயமே. தறி ஓடாத வீட்டின் பெயரில் கூலிப் பட்டியல் எழுதுவதும், விசைத்தறித் துணியைச் சங்கத்தின் அலமாரியில் கைத்தறியாக அடுக்குவதும் எவ்விடத்தில் நடந்தாலும், அது தணிக்கைக் குறிப்பில் தீர்ந்துபோகும் சிறு குற்றம் அன்று. உண்மையாக நெய்கிற பக்கத்து வீட்டுக்காரரின் கூலியைத் திருடுவது அது. ஒரு முறை ஏமாந்த வாடிக்கைக்காரர் சங்கத்துக் கடைக்கு மறுபடி வருவதில்லை.

முத்திரை இருந்தும் ஆபத்து நீங்கிவிடவில்லை என்பதற்கும் அவர்களே சாட்சி. 2006-இல், அத்தீவுகளின் பிரதான ஆலையை வாங்கிய முதலாளி ஒருவர், ஆயிரக்கணக்கான வடிவங்களை வெறும் நான்காகக் குறைத்துவிட்டார். வேலையின்றிப் பல தறிகள் நின்றன. மூடிக் கிடந்த வேறோர் ஆலை 2007-இல் மீண்டும் திறக்கப்பட்டுப் பல வடிவங்களும் பல சந்தைகளும் தேடப்பட்ட பின்னரே தொழில் தலையெடுத்தது. விற்பனையின் வாசல் ஒரே கையில் இருக்கலாகாது என்பதே இதன் கருத்து. சங்கம் ஒன்றே வாங்கினாலும் சரி, வியாபாரி ஒருவனே வாங்கினாலும் சரி, வடிவமும் வாடிக்கையும் ஒன்றாகச் சுருங்குமானால் நெசவாளன் கைதிதான்.

அங்கே எல்லாம் பொன்மயம் என்று சொல்ல நான் வரவில்லை. கிராஃப்ட் நிலம் ஒன்றை மட்டும் கொண்டு பிழைப்பவர் மிகச் சிலர். அரசாங்க மானியமும் வெளி வேலையும் இல்லாமல் கணக்கு ஒப்பாது. நிலத்தின் உரிமையே விலைபேசப்பட்டு, விடுமுறை மாளிகை கட்டும் வசதிபடைத்தவர் கைக்குப் போவதால் உள்ளூர் இளைஞர்களுக்கு நிலம் கிடைப்பது அரிதாகிறது. இருந்தும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1993-இல் அசின்ட் பகுதியின் கிராஃப்டர்கள் பணம் திரட்டிச் சுமார் 21,000 ஏக்கர் ஜமீனைத் தாங்களே வாங்கினார்கள். அதைப் பின்பற்றி ஈக் தீவு 1997-இலும், தென் யூயிஸ்ட் 2006-இலும் மக்கள் கைக்கு வந்தன. ஒரு காலத்தில் விரட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கூட்டாக நிலச் சொந்தக்காரர் ஆனார்கள்.

இந்தியக் கூட்டுறவுச் சட்டம் 1904-இல் பிறந்தது. நம் மாநிலத்தின் கைத்தறி நெசவாளர் தலைமைச் சங்கம் 1935-இல் தோன்றியது. ஸ்தாபனங்களுக்கு நமக்குக் குறைவில்லை. குறைவது அவற்றைச் சொந்தமாகக் கருதும் மனப்பான்மையே. ஆகவே நம் சங்கங்கள் அடுத்த பேரவைக் கூட்டத்துக்குள் நான்கு காரியங்களைச் செய்யலாம் என்று நான் கருதுகிறேன். தறி ஓட்டுபவர், உழுபவர் யார் என்று வீடு வீடாகப் பார்த்து உறுப்பினர் பட்டியலைத் திருத்துக. ஊர் மேய்ச்சலுக்கும் நீருக்கும் எழுதிய விதியும் ஒரு குழுவும் வேண்டுமென ஊராட்சியிடம் கேட்டு வாங்குக. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டாவதாக ஒரு வருவாய், அது ஒரு கறவை மாடாயினும் சரி, கிடைக்க வழி செய்க. முத்திரையிடும் துணியை நிர்வாகக் குழுவில் இருவர் நேரில் பார்த்த பின்னரே கையெழுத்திடுக.

இவற்றுள் எதற்கும் பெரிய மூலதனம் தேவையில்லை. எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதுமில்லை. சிறியவன் தனித்து நின்றால் சிறியவனே. கணக்கும் நாணயமும் கூடிய சங்கத்தில் நின்றால் அவன் நிலத்தையும் தறியையும் தன் பிள்ளைக்கு விட்டுச் செல்ல முடியும். அப்படி விட்டுச் செல்வதா, விற்றுத் தீர்ப்பதா என்பதை இனியும் தள்ளிப் போடாமல் நாம் முடிவு செய்தாக வேண்டும்.