புயலுக்கு முன்னரே ஒரு தீர்மானம்

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் வானிலை நிலையத்தார் இன்று சில நாட்களுக்கு முன்னரே எச்சரிக்கின்றனர். ஆயினும் பல சங்கங்களில், மழை தொடங்கிய பின்னரே கிடங்குச் சாவி யாரிடம் என்று தேடுவதை நாம் காண்கிறோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயல், பல்லாண்டு வளர்ந்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்ததை அங்கத்தினர்கள் அறிவர். குழித்தறியில் நீர் புகுந்தாலோ பாவு கெடும். குழி உலருமட்டும் நெசவும் கூலியும் நிற்கும்.

ஆகவே ஐப்பசி பிறக்குமுன் நிர்வாகக் குழு கூடி, பொறுப்புகளைப் பெயர் குறித்துப் பிரித்துத் தீர்மானிக்க வேண்டுமென்பது நம் கருத்து. தாழ்வான தெருக்களிலுள்ள நெசவாளரின் நூலையும் பாவையும் சங்கக் கட்டடத்திற்கு யார் கொணர்வது? உர மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல் யார் அடுக்குவது? கணக்குப் புத்தகங்களை உயரத்தில் யார் வைப்பது? வடிகால்களை எவர் தூர் வாருவது? முற்றிய தேங்காய்களையும் கனத்த மட்டைகளையும் முன்னரே இறக்கினால் மரத்தின் பாரம் குறையும்.

சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமே விவசாயி செலுத்தும் பிரீமியம். அதனைக் கெடுவுக்குள் கட்டி இரசீது பெறுதல் நன்று. எனினும் இழப்பீடு பின்னரே வரும். அடுப்போ அன்றாடம் எரிய வேண்டும்.

மழை பொய்த்தால் உழைப்பு வீணன்றோ என்பர் சிலர். தூர் வாரிய வாய்க்கால் அடுத்த மழைக்கும் உதவும். தனியொருவர் இரவில் தூக்க இயலாத பாரத்தைப் பலர் பகலிலேயே தூக்கி வைப்பதற்கன்றோ சங்கம்?