கயிலைக்கு எந்த வழி?

ஆடி அமாவாசையன்று திருவையாற்றுப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. காலையில் தர்ப்பணம், பிறகு ஐயாறப்பர் கோயிலில் அப்பர் கயிலைக் காட்சி. கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் உருண்டும் போன அப்பரை இறைவன் பாதி வழியில் மறித்து, ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி இங்கே எழச் செய்தார் என்கிறது பெரியபுராணம். இதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு நிஜக் கயிலையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கத்தான் செய்யும். எனக்கும் உண்டு.

கயிலையின் உச்சியில் யாரும் ஏறுவதில்லை. வலம் வருவதுதான் வழக்கம். 52 கி.மீ. சுற்றுப்பாதை, நடுவில் 5,630 மீட்டர் உயரத்தில் டோல்மா கணவாய். அங்கே இழுக்கும் மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத வயல்வெளியில் பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும்.

இந்திய அரசு நடத்தும் லிபுலேக், நாதுலா கணவாய் வழிகளில் அந்த நாள் கிடைக்கிறது. டெல்லியில் மருத்துவப் பரிசோதனை, 70 வயது வரம்பு, லிபுலேக் வழியில் குஞ்சியில் தங்கி மறுபடியும் பரிசோதனை. போய்வர இருபது நாளுக்கு மேல் ஆகும். ஆனால் 2025இல் யாத்திரை மீண்டும் தொடங்கியபோது இவ்விரு வழிகளிலும் சேர்த்து 750 பேருக்குத்தான் இடம். குலுக்கலில் பெயர் வராதவர்கள் நேபாளம் வழியாகத் தனியார் குழுக்களோடு போகிறார்கள். திபெத்துக்குள் 2,800 மீட்டரில் உள்ள கேரூங்கிலிருந்து ஒரே நாள் பேருந்துப் பயணத்தில் 4,500 மீட்டரில் உள்ள சாகாவுக்குப் போய்விடுகிறார்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போய்விட்டால், இரவில் தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. நடந்தே போன அப்பர் காலத்தில் இந்த ஆபத்து இல்லை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு சாகாவில் இரவு தலை வெடிப்பதுபோல் வலி, வாந்தி. விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் பிராணவாயு 68 சதவீதம் என்று காட்டியதாம். படுத்தால் மூச்சு முட்டியதால் விடிய விடியச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். "குழுவுக்கே ஒரே தாளில் விசா சார், உங்களை மட்டும் எப்படி அனுப்புவது?" என்றார் அழைத்துப் போனவர்.

இந்த யாத்திரைக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது. நல்ல காரியம். அதோடு புறப்படுவதற்கு முன்பே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இதயம், நுரையீரல் பரிசோதனையும், மலைநோயின் அறிகுறிகளைத் தமிழில் விளக்கும் ஒரு வகுப்பும் வேண்டும். கேரூங்கில் இரண்டு இரவு, நடுவில் இன்னோர் இரவு தங்க வைத்து, நோயுற்றவரை உடனே இறக்கத் தனி வண்டியும் வைத்திருக்கும் குழுக்களில் போகிறவர்களுக்கே மானியம் என்று அரசு சொல்லலாம். செலவு கூடும்தான். அந்த இரவைக் கடந்து வந்த ஆசிரியர், கூடுதலாக எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்கிறார்.