முதல்வர் என்றொரு குமாஸ்தா

உயர்தரத் தனியார் பள்ளிகளில் தலைமை சரியில்லை என்று புலம்புகிறவர்கள், அடுத்த மூச்சிலேயே பெற்றோர்களின் நெருக்குதல் தாங்கவில்லை என்கிறார்கள், ஏதோ இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதுபோல. அங்கே இருப்பது தலைமை அல்ல; தாளாளரும் அவருடைய முதலீடும்தான். முதல்வர் என்னைப் போல ஒரு குமாஸ்தா. மேலிருந்து வரும் சுற்றறிக்கைக்கும் எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

சென்ற ஜூனில் என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒன்பதாம் வகுப்புக்கு லைப்ரரி பீரியட் எதற்கு, அதைக் கணக்குக்குக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கைதட்டல். முதல்வர் தாளாளரின் முகத்தைப் பார்த்தார். தாளாளர் தலையசைத்தார். ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. தமிழனுக்கு வாசிப்புப் பழக்கமில்லை என்று சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அங்கலாய்த்திருக்கும் நான் வாய் திறக்கவில்லை.

மாத்யூ ஆர்னால்டை நாம் இலக்கிய விமர்சகராக மட்டுமே மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். 1851லிருந்து முப்பத்தைந்து வருஷம் அவர் பள்ளி இன்ஸ்பெக்டர். மாணவன் பரீட்சையில் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று 1862இல் இங்கிலாந்தில் விதி வந்தபோது, போதனை வெறும் இயந்திர வேலையாகிவிடும் என்று, தனக்குச் சம்பளம் கொடுத்த இலாகாவையே எதிர்த்து எழுதினார்.

அங்கே அரசாங்கம் செய்ததை இங்கே நாமே விரும்பிச் செய்துகொண்டோம். தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டு வருஷம் நடத்தின. அதைத் தடுக்க 2018இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. 2017இல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. மதில்களில் மார்க்கோடு சிரிக்கும் முகங்கள் இறங்கவில்லை. 2009இல் கட்டணத்துக்குச் சட்டம் வந்தது. சட்டம் தொகையைத்தான் நிர்ணயிக்கும், ஆசையை அல்ல.

பெற்றோரைத் திட்டுவது சுலபம். ஜூன் மாதம் நகைக்கடனுக்காக என் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் ராட்சஸர்கள் அல்ல. வளையலைக் கழற்றித் தராசில் வைக்கிற அம்மாவுக்கு, அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்க உரிமை உண்டு. 'எத்தனை மார்க்?' என்பதைத் தவிர வேறு கேள்வியை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவர் முதல்வர். 'அது முடியாதம்மா' என்று சொல்லி, ஏன் முடியாது என்று விளக்கத் தெரிந்தவரே பள்ளிக்குத் தலைவர். அப்படிச் சொல்கிறவரைத் தாளாளர்கள் நீண்ட நாள் வைத்துக்கொள்வதில்லை. ஆர்னால்டை அவருடைய இலாகா வைத்துக்கொண்டது.

முதல்வரைக் கோழை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் வரிசையில் மௌனமாக இருந்த ஆள் குறுக்கே வந்துவிட்டான். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அடுத்த கூட்டம். லைப்ரரி பீரியடைத் திருப்பிக் கேட்கப்போகிறேன். நம் இலக்கிய நண்பர்கள் பலரின் பிள்ளைகளும் இத்தகைய பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களும் எழுந்து கேட்கட்டும். ரசனை பற்றிய விவாதத்தை அதற்குப் பிறகு தொடரலாம்.