வலி தீர்ப்பவருக்கே முதுகுவலி!

தினம் தினம் குனிந்து இடுப்பு ஒடிகிறது
பிசியோதெரபிஸ்டுகள் படும் பாடு

ஆலங்குளம்,

ஊரார் வலியை எல்லாம் தீர்க்கிறவருக்கே வலி வந்தால் அவர் எங்கே போவது? பிசியோதெரபிஸ்டு என்னும் இயன்முறை சிகிச்சையாளர்களின் கதி இன்று இதுதான். விழுந்து கிடந்தவரை எழுப்பி உட்கார வைப்பார்கள். மடங்கிய கையை நீட்டி விடுவார்கள். அந்த வேலையைச் செய்து செய்தே இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி" என்று கேலி பேசுவது சுலபம். ஆனால் கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வராது.

100-க்கு 91 பேர்

1985-ம் ஆண்டு அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டுகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வேலையால் தங்களுக்கு இடுப்புவலி வந்தது என்று 100-க்கு 29 பேர் சொன்னார்கள். 2000-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஆய்வு, இடுப்பை மட்டும் பார்க்காமல் கழுத்து, தோள், கை என்று உடம்பு முழுவதையும் கணக்கில் எடுத்தது. அதில் 100-க்கு 91 பேர், வேலையால் ஏதாவது ஓர் இடத்தில் எப்போதாவது வலி கண்டவர்கள். 6 பேரில் ஒருவர் அந்த வலியால் வேறு பிரிவுக்கு மாறினார், அல்லது தொழிலையே விட்டுவிட்டார்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. வயதான பிறகு வரும் வலி அல்ல இது. வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்களிலேயே, 30 வயது ஆவதற்குள் பலருக்கு வந்துவிடுகிறது. படித்துவிட்டு ஆசையோடு வரும் இளைஞர்களும் இளம்பெண்களும்தான் முதலில் அடி வாங்குகிறார்கள்.

தெரிந்தவர்களுக்கே ஏன்?

எப்படிக் குனிய வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் சொல்கிறவர்கள் இவர்கள். பிறகு ஏன் இந்த நிலை?

காரணம் எளிது. தெரிந்திருந்தால் மட்டும் போதாது, செய்ய வசதி வேண்டும். கட்டில் தாழ்ந்து கிடந்தால் குனிந்துதான் ஆகவேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவரை உட்கார வைக்க, கூடப் பிடிக்க ஆள் இல்லை என்றால் ஒருவரேதான் இழுக்க வேண்டும். வெளியே பத்துப் பேர் காத்திருந்தால் நடுவில் முதுகை நிமிர்த்த நேரம் ஏது? அன்றாடம் இப்படியே போனால் எந்த முதுகு தாங்கும்?

மூட்டையும் மனிதனும்

ஆலங்குளத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது இல்லை. 1970-ல் அரசு சிமெண்டு ஆலை வந்த ஊர் இது. 50 கிலோ மூட்டை என்றால் என்ன பாரம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று 1967-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு பரிந்துரை செய்தது. ஆனால் நோயாளியைத் தூக்குவதற்குக் கணக்கே வேறு. ஒருவர் கையால் தாங்கும் பாரம் 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவைத் தாண்டினால் கருவி உதவியை நாட வேண்டும் என்று 2007-ல் அமெரிக்க நிபுணர் ஒருவர் கணக்கிட்டார்.

ஏன் இவ்வளவு குறைவு? மூட்டை அசையாது, மனிதன் அசைவான். பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வான், திடீரென்று கால் மடங்கிச் சாய்வான். மூட்டையைத் தோளோடு சேர்த்துச் சுமக்கலாம். நோயாளியைக் கட்டிலுக்கு மேலே கையை நீட்டித்தான் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை நழுவினால் மூட்டையைப் போல் கீழே போட்டுவிட முடியாது. தன் முதுகைக் கொடுத்துத்தான் அவனைக் காப்பாற்ற வேண்டும்.

பட்டாசு பூமியில் பெரிய கவலை

இது எங்கேயும் உள்ள பிரச்சினைதான். ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு இது கூடுதல் கவலை.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். செத்தவர் கணக்கு மறுநாள் பேப்பரில் வந்துவிடும். தீக்காயத்தோடு பிழைத்தவர் பாடு யாருக்கும் தெரிவதில்லை.

வெந்த தோல் ஆறும்போது சுருங்கி இழுக்கும். கழுத்து வெந்தால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அக்குள் வெந்தால் கை மேலே போகாது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். இதைத் தடுக்க, வலியில் அலறினாலும் அன்றாடம் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில். கொடுக்காவிட்டால் உயிர் பிழைத்தவர் மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்கும் போக முடியாது, சோற்றை அள்ளித் தின்னவும் முடியாது. பயிற்சி கொடுக்கிறவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால்?

வீடு தேடி வரும் வைத்தியம்

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டு போகிறார். ஏழைகளுக்கு இது பெரிய வரம் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டிலை உயர்த்தலாம், தாழ்த்தலாம். வீட்டில் இருப்பதோ கயிற்றுக் கட்டில், அல்லது தரையில் விரித்த பாய். தரையில் கிடப்பவருக்குச் சிகிச்சை கொடுக்க மண்டியிட்டு, வளைந்து, இழுத்துத்தான் செய்ய வேண்டும். வீட்டுக்கு வீடு இதே கதை. நோயாளிக்கு வசதியானது, பார்க்கிறவரின் முதுகில் போய் விடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் 29 தொழில் நோய்களைப் பட்டியல் போட்டது. ஈய விஷம் உண்டு, தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்டு. முதுகுவலி இல்லை. பிரிட்டனில் 1992-லேயே, ஆபத்தான சுமைதூக்கலை முடிந்தவரை தவிர்க்கும் பொறுப்பை முதலாளி தலையில் சட்டம் வைத்துவிட்டது. இங்கோ வலி வந்தால் அது அவரவர் பாடு. தனியாகக் கிளினிக் வைத்திருப்பவர் ஒரு நாள் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்துவிடுகிறார்.

என்ன செய்யலாம்?

உயர்த்தித் தாழ்த்தும் கட்டில், நோயாளியை நகர்த்தும் வழுக்குப் பலகை, இடுப்பில் கட்டிப் பிடிக்கும் வார் ஆகியவை கிடைக்காத பொருள்கள் அல்ல. பாரமான நோயாளிக்கு இரண்டு பேர் என்று விதி வைக்கலாம். ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பது என்பதற்கும் வரம்பு வேண்டும். இதெல்லாம் அரசும் ஆஸ்பத்திரி நிர்வாகங்களும் செய்ய வேண்டியது.

வீட்டுக்காரர்களும் சும்மா இருக்க வேண்டாம். பாயில் கிடப்பவரைக் கட்டிலுக்கு மாற்றுங்கள். தாழ்ந்த கட்டிலுக்கு நான்கு காலிலும் ஆடாத மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். சிகிச்சை முடிந்ததும் கட்டையை எடுத்துவிட்டால் நோயாளி இறங்கச் சிரமம் இருக்காது. பிசியோதெரபிஸ்டு வரும் நேரத்தில் வீட்டில் ஒரு ஆள் இருந்து கூடப் பிடியுங்கள். அப்படியே பயிற்சியையும் கற்றுக்கொண்டால் அவர் வராத நாளில் நீங்களே செய்யலாம்.

ஒரு பிசியோதெரபிஸ்டு தொழிலை விட்டுப் போனால் நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. அவர் கையைப் பிடித்து எழுந்து நிற்கக் காத்திருக்கும் அத்தனை பேருக்கும்தான்.