மஞ்சள் இலைப் படம் காணும், கணக்கைக் காட்டுங்க

ஒக்டோபர் பிறந்தால் எங்கட பக்கத்துப் பேஸ்புக்கில் மஞ்சள் இலை விழத் தொடங்கும். வினாயகபுரத்துப் பொடியனோ, கல்முனைப் பொடியனோ, மருதமுனைப் பொடியனோ, படம் ஒன்றுதான். புது ஜக்கெட், பின்னால ஒரு பழைய தேவாலயம், காலடியில் மஞ்சள் இலை. திருக்கோவிலில இருந்து பொத்துவில் வரைக்கும் லைக் விழும்.

நானும் போட்டேன். அந்தப் படம் எடுத்த அன்று என்ர பொக்கெட்டில் இருந்தது 31 யூரோ. அறை இல்லை. ஒரு கூட்டாளியின் அறையில், அவன்ட வீட்டுக்காரருக்குத் தெரியாமல், நிலத்தில் படுத்துக் கிடந்தேன். அதை நான் எழுதவில்லை.

எழுதாமல் விட்டது என்ர பிழை. ஆனா அது என்ர பிழை மட்டுமில்லை. ஐரோப்பாவுக்குப் படிக்கப் போன நாங்க எல்லாரும் முதல் ஆறு ஏழு கிழமையை மறைக்கிறோம். அந்த மறைப்பை நம்பித்தான் அடுத்த வருசம் இன்னொரு வீட்டில் வயல் ஈட்டுக்குப் போகுது.

கணக்கைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்தது ஜேர்மனி, அதனால ஜேர்மனிக் கணக்கு.

"படிப்பு இலவசம்" என்று ஏஜென்சி போர்டில் போட்டிருக்கும். பொய் இல்லை. அங்க பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனா விசாவுக்கு ஒரு வருசச் செலவுக் காசை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேணும். 2021இல் அது 10,332 யூரோ. 2024 செப்டெம்பரில் இருந்து 11,904 யூரோ. யூரோவில் பார்த்தா பெரிய ஏற்றம் இல்லை. எங்கட ரூபாயில் பாருங்க: 2021இல் 24 லட்சத்தைச் சுற்றி இருந்தது, 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இப்ப 40 லட்சத்தைச் சுற்றி நிற்குது. எங்கட பக்கத்தில் இந்தக் காசு எத்தனை வீட்டில் சும்மா கிடக்குது?

அதற்கும் ஏஜென்சியிடம் பதில் இருக்கு. "வட்டிக்கு எடுத்துப் போடுங்க. மாசாமாசம் 992 யூரோ திரும்பி வரும், அதில கடனைக் கட்டலாம். சாப்பாட்டுக்குப் பார்ட் டைம் இருக்கு." சட்டப்படி மாணவர் வருசத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். 2025இல் குறைந்த சம்பளம் மணிக்கு 12.82 யூரோ. கிழமைக்கு 20 மணித்தியாலம் என்றால் மாசம் 1,100 யூரோ வரும். கூட்டிப் பார்த்தா எல்லாம் சரிவரும்.

கூட்டல் சரிதான். நாள்தான் பொய். செலவு முழுக்க முதல் மாசத்தில் வரும், வரவு பிந்தித்தான் தொடங்கும். இந்த ஒரு விசயத்தை எந்த ஏஜென்சியும் சொல்லுறதில்லை.

நடக்கிறது இதுதான். அறை எடுத்தால் ரெண்டு கிழமைக்குள்ள நகரசபையில் முகவரியைப் பதிய வேணும். பதிய வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கடதாசி வேணும். கூட்டாளியின் நிலத்தில் படுக்கிறவனுக்கு அந்தக் கடதாசியை யார் தருவார்? முகவரி பதியாமல் வங்கிக் கணக்குத் திறக்கிறது பெரிய பாடு. வங்கிக் கணக்கு இல்லாமல் முடக்கின காசு வெளியில வராது. வேலைக்குக் கேட்கிற வரி இலக்கமும் முகவரி பதிந்த பிறகுதான் தபாலில் வரும். அறை எடுக்கவோ முற்பணம் கேட்பாங்க, சட்டப்படி மூன்று மாச வாடகை வரைக்கும் கேட்கலாம். அந்த முற்பணம் எங்க இருக்கு? முடக்கக் கணக்குக்குள்ள. பூட்டின பெட்டிக்குள்ள திறப்பு.

இதற்கிடையில் செமஸ்டர் கட்டணம், மாசம் நூற்றிச் சொச்சம் யூரோ மருத்துவக் காப்புறுதி. வீட்டில் டீவி இல்லாட்டியும் ஒளிபரப்புக் கட்டணம் 18.36 யூரோ என்று கடிதம் வரும். எனக்கு முதல் 992 யூரோ கையில் வந்தது ஏழாம் கிழமை. வந்த அன்றே ஊர்க் கடனுக்குப் பாதி போச்சு.

ஜேர்மன் அரசு 992 யூரோ என்று வைத்தது ஒரு மாணவன் உயிர் வாழ மாசம் தேவைப்படுற காசு என்ற கணக்கில். கடன் வாங்கிக் காட்டின பிள்ளைக்கு அந்தக் காசு முதல் நாளிலேயே இல்லை. அப்ப அவன் என்ன செய்வான்? விரிவுரை தொடங்க முதல் வேலை தேடுவான். ஒக்டோபர் வகுப்பு தவறும், பெப்ரவரிச் சோதினை தவறும். வதிவிட அனுமதி நீடிக்கப் போகும்போது படிப்பில் எவ்வளவு முன்னேறினாய் என்று கேட்பாங்க. படிக்கப் போனவன் வட்டி கட்டப் போனவனாகி நிற்பான்.

ஏஜென்சியைத் திட்டுறது லேசு. அவன் வியாபாரி, விசா வந்த அன்று அவன்ட வேலை முடிந்தது. என்ர கோபம் எங்களில. 1983க்குப் பிறகு அகதியாகப் போன அண்ணன்மாரும் கஷ்டத்தை மறைத்தாங்க, யாரோட காருக்கோ முன்னால நின்று படம் அனுப்பினாங்க. அவங்களுக்கு நியாயம் இருந்தது. உயிரைக் காப்பாற்றப் போனவர், திரும்பி வர ஊர் இல்லாதவர். உண்மையைச் சொல்லி யாரைத் தடுக்கிறது? நாங்க அப்படியா போனோம்? மெயில் அனுப்பி, அனுமதி எடுத்து, விமான நிலையத்தில் செல்பி எடுத்துப் போனோம். எங்களுக்கு மறைக்க என்ன நியாயம்?

"வீட்டில சொன்னா அம்மா அழுவா." எனக்கும் இதே சாட்டுத்தான். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்க மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவாங்க. மூன்றரை மணித்தியால வித்தியாசம் நாலரை ஆகும். இரவு எட்டு மணிக்கு நான் வெளியால வந்தா ஊரில் சாமம் பன்னிரண்டரை. அம்மா நித்திரை என்று போன் எடுக்காமல் விட எனக்கு அது வசதியாப் போச்சு. அம்மா அழுவா, உண்மைதான். ஆனா நான் மறைத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாவும் தாலிக்கொடியை அடகு வைத்தா, அவட கண்ணீருக்கு யார் பொறுப்பு?

"பயப்படுத்தாத, எங்கட பிள்ளைகளுக்கு வேற வழி இல்ல" என்று இன்னும் சிலர் சொல்லுவாங்க. அதிலும் உண்மை இருக்கு. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தும், இஸட்-ஸ்கோர் கொஞ்சம் குறைந்தால் கதவு பூட்டுத்தான். நான் போகாதீங்க என்று சொல்லவில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டத்தை லண்டனுக்குப் போகாமலே எடுத்தவர். படிப்பு வேற, பிளேன் வேற என்று காட்ட அவர் ஒருவர் காணும். ஏஜென்சி விற்கிறது பிளேனை. படிப்புக்குப் போறவர் கணக்கோடு போக வேணும்.

ஏஜென்சிக் கதிரையில் இருக்கும்போது "மொத்தம் எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீங்க. "காசு எத்தனையாம் நாள் என்ர கையில வரும்" என்று கேளுங்க. முடக்கக் கணக்குக்கு வெளியில ரெண்டு மாசச் செலவும் அறை முற்பணமும் தனியா இருக்க வேணும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்க வேணும். முடக்கக் கணக்கு முழுக்க வட்டிக் காசு என்றால் அந்த செமஸ்டரை விடுங்க. ஆறு மாசம் பிந்திப் போறதில ஒரு வெட்கமும் இல்லை.

ஏற்கெனவே போனவங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மஞ்சள் இலைப் படத்துக்குக் கீழ மூன்று இலக்கம் எழுதுங்க: அறை கிடைத்தது எத்தனையாம் நாள், காசு வந்தது எத்தனையாம் நாள், அதுவரைக்கும் செலவு எவ்வளவு. லைக் குறையும், குறையட்டும்.

என்ர இலக்கத்தை நான் முதல்ல எழுதுறேன். அறை 33ஆம் நாள். காசு 47ஆம் நாள். செலவு 1,640 யூரோ. அதில் 900 ஊரிலிருந்து கையில கொண்டு போனது, 740 கடன்.