முதுகில் ஒரு கட்டி: அறுவை சிகிச்சை எதைக் காக்கும்?

பிறந்த குழந்தையின் இடுப்புப் பகுதியில், முதுகுப்பக்கம், மெல்லிய சவ்வு போர்த்திய ஒரு கட்டி. அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். "செஞ்சா பிள்ளை நடந்துருமா டாக்டர்?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் அதற்குப் பதில் கிடையாது.

கரு உருவான முதல் 28 நாட்களுக்குள், தட்டையான நரம்புத் திசு மடிந்து குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். அதுவே பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகிறது. தான் கருவுற்றிருப்பதைத் தாயே அறியாத நாட்கள் அவை. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று அவள்மேல் பழிபோடுவது பெரும் கொடுமை. மூடாத இடத்தில் தண்டுவடம் திறந்து கிடக்க, கருப்பைக்குள்ளேயே நரம்புகள் சிதையத் தொடங்கிவிடுகின்றன.

பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்யும் அறுவை, தண்டுவடத்தை உள்ளே வைத்து, உறையையும் தோலையும் அதன்மேல் மூடுகிறது. கிருமி புகாமல் தடுக்கிறது. எஞ்சிய நரம்பைக் காக்கிறது. போன நரம்பை அது மீட்டுத் தருவதில்லை. கட்டி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு நடக்கும் வாய்ப்பு அதிகம். பல குழந்தைகளுக்கு மூளையில் தேங்கும் நீரை வடிக்க ஷண்ட் குழாயும் தேவைப்படும்.

சேதம் கருவிலேயே நடக்கிறதென்றால், அங்கேயே மூடினால் என்ன? 183 கர்ப்பிணிகளைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. 26 வாரத்துக்கு முன் கருவிலேயே மூடப்பட்ட குழந்தைகளில் 40 சதவீதத்தினருக்கு ஒரு வயதுக்குள் ஷண்ட் வைக்க நேர்ந்தது. பிறந்தபின் மூடப்பட்டவர்களில் 82 சதவீதம். கருவிலேயே மூடப்பட்டவர்களில் இரண்டரை வயதில் துணையின்றி நடந்தவர்கள் 42 சதவீதம். மற்ற பிரிவில் 21. ஆனால் குறைப்பிரசவங்கள் கூடின. தாயின் கருப்பைத் தழும்பு அடுத்த பிரசவத்திலும் ஆபத்தைத் தரக்கூடியது.

இதே குறையில் தோல் மூடிய வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, அது கண்ணில் படாமலே போய்விடுவதால். அடிமுதுகில் மயிர்க்கற்றை, கொழுப்புக்கட்டி, சிவந்த மச்சம், பிட்டப் பிளவுக்கு மேலே குழி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். (பிளவுக்குள், ஆசனவாய்க்கு அருகே உள்ள சிறுகுழி பெரும்பாலும் தீங்கற்றது.) முதல் சில மாதங்களில் அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடத்தைப் பார்க்கலாம், பிறகு எம்.ஆர்.ஐ. வேண்டும். இந்த வகையில் தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை வளர வளர அது இழுபடும். படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய பிள்ளை மறுபடி போவது, கால் சாய்த்து நடப்பது, ஒரு பாதம் சிறுத்து வளைவது எல்லாம் அதன் அறிகுறிகள். நுண்ணோக்கியின் கீழ், நரம்புகளைக் கருவியால் சோதித்துக்கொண்டே ஒட்டலை விடுவிக்கிறார்கள். வலி பெரும்பாலும் தணியும். சிறுநீர்க் கட்டுப்பாடு போய் நாளாகியிருந்தால் திரும்புவது அரிது. அறிகுறியே இல்லாத கொழுப்புக்கட்டியை உடனே தொடலாமா, காத்திருக்கலாமா என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.

தையல் ஆறியதும் பின்தொடர்தலை நிறுத்திவிடுவது பெருந்தவறு. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாவிட்டால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். சுத்தமான குழாயை நாளில் பலமுறை செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறை 1972 முதல் வழக்கில் இருக்கிறது. அதைத் தாயும், வளர்ந்தபின் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம். பள்ளியில் அதற்கு ஒரு தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருந்தால் போதும்.