ஆமைக்கும் பெர்மிட்டா?

காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். வலை வீசிப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "மணலுக்குப் பெர்மிட் என்றார்கள், சரி. இப்போது ஆமைக்கும் பெர்மிட்டாமே! ஆமையை எவன் தம்பி கப்பல் ஏற்றுகிறான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. ஆமை கப்பல் ஏறுகிறது, விமானமும் ஏறுகிறது. இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் நடத்தும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே நடந்த கதையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

லூசியானா, டெக்ஸாஸ், புளோரிடா போன்ற தென் மாநிலங்களின் ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் பலவகை நன்னீர் ஆமைகள் வாழ்கின்றன. கடிக்கும் ஆமை, அதைவிடப் பருத்த முதலை ஆமை, மெல்லிய ஓடுள்ள ஆமை, ஓட்டில் தேசப்படம்போல் கோடு விழுந்த ஆமை எனப் பல உண்டு. 1990-களில் சீனாவில் ஆமை இறைச்சிக்கும் ஆமை மருந்துக்கும் கிராக்கி ஏறியது. சீனா என்பதற்காக இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. முதலில் தென்கிழக்கு ஆசியாவின் ஆறுகள் காலியாயின. பிறகு சரக்குக்காக வியாபாரியின் கை அமெரிக்க ஆறுகளுக்கு நீண்டது. பண்ணையில் பொரித்த குஞ்சுகளும் ஆற்றில் பிடித்த பெரிய ஆமைகளும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஏற்றுமதியாயின.

அமெரிக்கச் சட்டத்தின் லட்சணத்தைப் பாருங்கள். ஆமைக் குஞ்சுகளை வைத்து விளையாடிய குழந்தைகளுக்கு நோய் தொற்றியது. ஆகவே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை உள்நாட்டில் விற்கக்கூடாது என்று 1975-ல் தடை போட்டார்கள். நல்லது. ஆனால் பெட்டியின்மேல் "ஏற்றுமதிக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிட்டால் தடை இல்லை! அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு ஆகாதது அயல்நாட்டுக் குழந்தைக்கு ஆகும் என்பதுதானே இதன் பொருள்? லாபத்தின் நியாயம் இதுதான்.

சரி, பெர்மிட் என்ன செய்தது? அழியும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 1973-ல் வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. அதில் மூன்று அட்டவணைகள். முதல் அட்டவணையில் உள்ளவற்றை ஆற்றிலும் காட்டிலும் பிடித்து வியாபாரத்துக்கு அனுப்ப முடியாது. இரண்டாவதில் உள்ளவற்றை அனுப்பலாம். ஆனால் அதனால் அந்த இனத்துக்குக் கேடு வராது என்று விஞ்ஞானிகள் சொன்ன பிறகே பெர்மிட் தர வேண்டும். மூன்றாவதில், அட்டவணையில் சேர்த்த நாட்டின் சர்க்கார், சரக்கு சட்டப்படி பிடிக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும்.

அமெரிக்கா தன் முதலை ஆமையையும் தேசப்பட ஆமைகளையும் 2006-ல் மூன்றாவது அட்டவணையில் சேர்த்தது. கடிக்கும் ஆமையும் மூன்று வகை மெல்லோட்டு ஆமைகளும் 2016-ல்தான் சேர்ந்தன. எத்தனை போகிறது என்ற கணக்கு கிடைத்தது. எத்தனை போகலாம் என்ற கேள்வி எழவில்லை. கொள்ளைக்குக் கணக்குப்பிள்ளை வைத்தார்களே தவிர, காவல் வைக்கவில்லை. 2022-ல் பனாமா மாநாட்டில்தான் கடிக்கும் ஆமை, முதலை ஆமை, மெல்லோட்டு ஆமைகள் ஆகியவை இரண்டாவது அட்டவணைக்கு வந்தன. ஒப்பந்தம் பிறந்ததோ அவர்கள் தலைநகரில். இந்த ஆமைகளுக்கு அதன் முழுக் காவல் கிடைக்க ஏறக்குறைய 50 ஆண்டு!

இந்தத் தாமதம் ஏன் ஆபத்து? முதலை ஆமை பருவத்துக்கு வரவே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முட்டைகளை ரக்கூனும் நரியும் போன்ற பிராணிகள் தின்கின்றன. குஞ்சுகளில் தப்புவது சொற்பம். நெடுநாள் வாழ்ந்து, திரும்பத் திரும்ப முட்டையிட்டுத்தான் அந்த இனம் நிலைக்கிறது. வியாபாரிக்கோ எடை கூடிய பெரிய ஆமைதான் வேண்டும். விதைநெல்லை விற்றால் அடுத்த போகம் ஏது?

"பெர்மிட் வந்தால் ஏழை வலைக்காரன் பிழைப்பு போகும்" என்று ஏற்றுமதியாளர்கள் கண்ணீர் வடிப்பதுண்டு. ஏழைமீது அவர்களுக்கு இவ்வளவு பாசமா? ஆறு காலியானால் ஏற்றுமதியாளன் வேறு ஆற்றுக்குப் போவான், வேறு சரக்குக்கு மாறுவான். புளோரிடா 2009-ல் ஆற்று ஆமையைப் பிடித்து விற்பதைத் தடுத்தது. வேறு மாநிலங்களில் கதவு திறந்தே இருந்தது. கரையில் வாழும் வலைக்காரன் எங்கே போவான்?

அதே பனாமா மாநாட்டில் நம் நாட்டின் கோரிக்கையும் ஏற்கப்பட்டது. காவிரி, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளில் வாழும் லீத் மெல்லோட்டு ஆமை முதல் அட்டவணைக்கு உயர்ந்தது. அதே ஆண்டு நம் வனவிலங்குச் சட்டத்திலும் சர்வதேச ஒப்பந்தத்தின் விதிகள் சேர்ந்தன. வரவேற்கிறோம். ஆனால் காகிதம் மட்டும் காக்காது. 2009 முதல் 2019 வரையிலான 10 ஆண்டில் இந்தியாவில் குறைந்தது 1,11,310 நில ஆமைகளும் நன்னீர் ஆமைகளும் கள்ள வியாபாரத்தில் சிக்கியதாக, வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கும் டிராபிக் அமைப்பு கணக்கிட்டது. சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. சிறைக்குப் போவது யார்? பெரும்பாலும் மூட்டை சுமந்தவன். முன்பணம் கொடுத்து மூட்டை கட்டச் சொன்னவன் வெளியே இருக்கிறான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, வழக்கு மூட்டைக்காரனோடு நிற்காமல் முதல் போட்டவன்வரை போக வேண்டும். இரண்டு, தற்செயலாய் வலையில் சிக்கிய ஆமையைத் திரும்ப விடும் மீனவனுக்கு வழக்குப் பயம் இருக்கக்கூடாது; கிழிந்த வலைக்கு ஈடும் தர வேண்டும். மூன்று, ஆற்றங்கரை மீனவர் சங்கங்களைக் காவலில் பங்காளிகளாக்க வேண்டும். ஆற்றை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஆமை புகுந்து கெட்ட ஆறு ஒன்றும் இல்லை. லாப வியாபாரி புகுந்து கெட்ட ஆறுகள் அநேகம். பெரியவரே, பெர்மிட் ஆமைக்கல்ல, அவனுக்கு!